நிழற்படமும் அபயதானமும்

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில், கல்லூரி விடுமுறைக்காக நம் பேரன் சென்னையிலிருந்து சிற்றூர் இல்லத்திற்கு வந்திருந்தான். பறவைகளையும் காட்டுயிர்களையும் நிழற்படம் எடுப்பதில் பெருவிருப்பம் உடையவன் அவன். அப்போது கொல்லைப்புறத்து எலுமிச்சை மரத்தில் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டி, மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. கூடு அடர்ந்த இலைகளுக்கு நடுவே இருந்தமையால் கேமராவுக்குத் தெளிவாகப் புலப்படவில்லை. “பாட்டி, வீட்டில் நூல்கண்டு இருக்கிறதா?” என்று கேட்டான். தையற்பெட்டியிலிருந்து வெள்ளை நூற்கண்டை எடுத்துக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்கவில்லை.

அவன் இரண்டு கிளைகளை ஒருபுறமாக இழுத்து நூலால் கட்டினான். கூட்டின்மீது வெயில் நேராக விழுந்தது. பத்தடி தொலைவில் கேமராவை நிறுத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான். தாய்க்குருவி வாயில் புழுவுடன் வந்து, அஞ்சி, திரும்பி, மறுபடி வந்தது. மாலையில் கணிப்பொறியின் திரையில் படத்தைக் காட்டினான். திறந்த மூன்று செவ்வாய்கள், அவற்றின்மேல் குனிந்த கொண்டை, இறகுதோறும் ஒளி. “மிக அழகாக இருக்கிறதப்பா! போட்டிக்கு அனுப்பு” என்று மனமாரப் பாராட்டினோம்.

இரண்டு நாள் கழித்துச் செடிகளுக்கு நீர் ஊற்றச் சென்றபோது கூடு வெறுமையாக இருந்தது. அவிழ்க்க மறந்த நூல் கிளைகளை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகளைக் கொண்டுபோனது காக்கையோ, பாம்போ, நாம் பார்க்கவில்லை. பேரனை அழைத்துக் காட்டினோம். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: “நான் செய்தது தவறுதான். ஆனாலும் படம் நல்ல படம்தானே, பாட்டி?”

அவ்வினாவுக்கு அப்போது நம்மால் விடை கூற இயலவில்லை. நம் குடும்பங்களில் இன்று கைப்பேசி இல்லாத இளைஞர் இல்லை. கைப்பேசி இருக்குமிடத்தில் கேமராவும் இருக்கிறது. பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் வழிபடச் செல்லும் பிள்ளைகள் வழியில் காணும் மயிலையும் குரங்கையும் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. ஆதலால் அவ்வினா நம் வீட்டோடு முடிவதன்று என்று எண்ணி, நமக்குத் தெளிந்தவற்றை இங்கு எழுதுகின்றோம்.

வேட்டையிலிருந்து கேமராவுக்கு

காட்டுயிர் நிழற்படக் கலை வேட்டையிலிருந்து பிறந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஷைராஸ் என்பார் இளமையில் வேட்டைக்காரர். இரவில் படகின் முன்புறம் விளக்கேற்றி, அதனைக் கண்டு திகைத்து நிற்கும் மானைச் சுடுவது அந்நாட்டு வேட்டை முறைகளுள் ஒன்று. அவர் துப்பாக்கியைக் கைவிட்டு, அதே படகில் அதே விளக்குடன் கேமராவை ஏந்திச் சென்றார். இருளில் பளிச்சென ஒளி வெடிக்கச் செய்து மான்களைப் படம் பிடித்தார். 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒருங்கே வெளியிட்டது. துப்பாக்கி கேமராவாக மாறியது அறத்தின் வளர்ச்சியே, ஐயமில்லை. எனினும் பதுங்குதல், துரத்துதல், திகைக்க வைத்தல், ‘வென்று’ கொண்டுவருதல் ஆகிய வேட்டைக் குணங்கள் கேமராவோடும் தொடர்ந்து வந்தன.

இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்னும் கியர்ட்டன் உடன்பிறப்புகள் 1895ஆம் ஆண்டிலேயே பறவைக் கூடுகளின் நிழற்படங்களைக் கொண்ட நூலை வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டு, காளையின் தோலைக் கொண்டு பொய்க்காளை ஒன்று செய்து, அதனுள் ஒளிந்துகொண்டு படம் எடுத்தனர். குருவிக்கு அச்சம் தரலாகாது என்னும் நினைவு போற்றத்தக்கது. அதன்பொருட்டு ஒரு காளையின் தோல் பயன்பட்டதை நம் கண் காணாமல் இருக்க முடியுமா? எரிக் ஹாஸ்கிங் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் 1937ஆம் ஆண்டு இரவில் ஆந்தையின் கூட்டருகே மறைவிடத்திற்குச் சென்றபோது, ஆந்தை பாய்ந்து தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். தன் குஞ்சைக் காக்க முனைந்த தாயின் சினத்தை அவரினும் நன்கறிந்தவர் யார்?

நம் நாட்டில் இக்கலைக்கு வேறொரு மரபும் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912-1996) தாமே பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய கனத்த கேமராவுடன் காடுகளில் நடந்து, யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். அவர் முதலில் இயற்கையைக் கற்றவர். படம் எடுத்தது அதன் பிறகே. விலங்கின் வாழ்க்கையை அறிந்தவன் அதன் முன் எங்கு நிற்கவேண்டும், எப்போது விலகவேண்டும் என்பதையும் அறிவான். இளைஞர்கள் அவரிடம் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

குற்றம் எங்கே உள்ளது?

பேரன் செய்ததில் குற்றம் என்ன? குஞ்சுகளைத் தொட்டானில்லை, கூட்டைக் கலைத்தானில்லை. கட்டிய கிளைதான் குஞ்சுகளைக் காட்டிக்கொடுத்தது என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. கட்டாத கிளைகளுக்கு நடுவிலும் காக்கை குஞ்சைக் கண்டுபிடிப்பதுண்டு.

இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் வகுத்த நுட்பம் துணைபுரிகின்றது. பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் கவனமின்றி நடப்பவனுக்குக் கொலைக் குற்றம் உண்டென்றும், விழிப்போடு நடப்பவனுக்கு நேர்ந்த கேட்டினால் மட்டும் வினைக்கட்டு இல்லையென்றும் பிரவசனசாரத்தில் விளக்கியுள்ளார். உயிருக்கு வெளிப்படையாக நேரும் ஊறு திரவிய ஹிம்சை. உள்ளத்தில் எழும் பிரமாதம், அதாவது கவனக்குறைவும் வேட்கையும், பாவ ஹிம்சை. ஆகவே குஞ்சுகளைக் கொண்டுபோனது எது என்று துப்புத் துலக்கும் வேலை நமக்கில்லை. நூலைக் கட்டிய கை, அக்கணத்தில் குருவியை நினைத்ததா, படத்தை நினைத்ததா என்பதே வினா.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் குறிக்கின்றார். அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்று தமிழில் கூறலாம். உழவு மாட்டையும் வண்டிக் குதிரையையும் வைத்து நாம் இவற்றைப் படித்தோம். வகுப்பிலும் அவ்வாறே சொல்லிக் கொடுத்தோம். எலுமிச்சை மரத்தடியில் நின்றபோதுதான் ஐந்தாவது அதிசாரத்தின் முழுப்பொருள் விளங்கிற்று. இறகு முளைக்காத குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாதது. தாய் நிழல் தரவேண்டும். அடிக்கடி இரை தரவேண்டும். கூட்டருகே கேமராவுடன் ஒருவர் நின்றால் தாய் அணுக அஞ்சும். அவர் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரமும் குஞ்சுகளுக்கு அன்னபான நிரோதம் நிகழ்கின்றது. நிற்பவர் கையில் தடி இல்லை. முகத்தில் சினம் இல்லை. ஆயினும் பட்டினி பட்டினியே.

நாட்டுச் சட்டமும் இதனை ஒட்டியே நிற்கின்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்லுதல், பிடித்தல் ஆகியவற்றோடு துரத்துதல், இரை வைத்து ஈர்த்தல், பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்தல் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது. கேமராவினாலும் வேட்டை நிகழக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

உடன்படுதல் என்னும் பங்கு

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் சமயத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்தது. கட்டியவன் பேரன்; நூல் கொடுத்தவர் நாம்; படத்தைப் பாராட்டிப் போட்டிக்கு அனுப்பச் சொன்னவரும் நாமே. மூன்றனுள் இரண்டு நம்மிடம் இருந்தன. அவனைக் கண்டிக்க வாய் திறந்தபோது இதுதான் நம்மைத் தடுத்தது.

படம் காண்போரின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உள்ளன. 1958ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘வொயிட் வில்டர்னெஸ்’ என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. லெம்மிங் எனப்படும் பனிநாட்டுச் சிறு எலிகள் கூட்டங்கூட்டமாக நீரில் விழுந்து மாய்வதாக அதில் ஒரு காட்சி. அது சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதும் பெற்றது. அந்த எலிகள் வேறோர் இடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டு, படப்பிடிப்பாளரால் மேட்டிலிருந்து நீரில் தள்ளப்பட்டவை என்பது 1980களில் கனடா நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றின் ஆய்வால் வெளிப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பள்ளிகளில் எத்தனை குழந்தைகள் அதனை வியந்து பார்த்திருப்பர்!

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு, வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்ட விலங்காகவே இருத்தல் கூடும் என்று நடுவர் முடிவு செய்து, 2010ஆம் ஆண்டு சனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். வியப்பூட்டும் காட்சிக்கே பரிசு என்றானால், வியப்பை எவ்வழியிலேனும் உண்டாக்கவேண்டும் என்னும் வேட்கை எழாமல் இருக்குமா?

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் ஊன் விற்பவனை மட்டும் குறை கூறி நிற்பதன்று. வாங்குவோரையும் அக்குற்றத்தில் சேர்த்தே எண்ணுகின்றது. படத்துக்கும் இது பொருந்தும். கூட்டை மறைத்த இலைகளை வெட்டி எடுத்த படத்தைப் புகழ்வோர் இருக்கும்வரை, வெட்டுவோர் இருப்பர். இதனை உணர்ந்தே, கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று பல பறவை அன்பர் குழுக்களும் போட்டிகளும் இன்று விதி வகுத்துள்ளன.

இப்போது பேரனின் வினாவுக்கு வருவோம். தேர்வில் ஒரு மாணவி முத்து முத்தான கையெழுத்தில் விடை எழுதியிருக்கிறாள். அவ்விடை அருகிலிருந்தவளைப் பார்த்து எழுதியது என்று தெரிகிறது. கையெழுத்து அழகுதான், அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் மதிப்பெண் இடுவோமா? இட்டால், அடுத்த தேர்வில் வகுப்பு முழுவதும் அவ்வாறே எழுதும். அந்தக் குருவிப் படமும் அத்தகையதே. அதன் ஒளியும் அமைப்பும் நன்று. அதற்குப் பரிசு தருவது மட்டும் நன்றன்று; ஏனெனில் பரிசு என்பது இன்னொரு கூட்டில் இன்னொரு நூல் கட்டுவதற்கு நாம் தரும் இசைவு.

படம் உயிர் காத்ததும் உண்டு

இவ்வளவும் கூறியதால், படம் எடுப்பதே பாவம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. 2012ஆம் ஆண்டு நாகாலாந்தில் தொயாங் நீர்த்தேக்கத்தை அடுத்து, ஆசியாவின் வடகிழக்கிலிருந்து தென்னாப்பிரிக்கப் பகுதிக்கு வலசை செல்லும் அமூர் வல்லூறுகள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வலையிட்டுப் பிடிக்கப்பட்டன. அக்கொடுமையின் படங்கள் வெளிவந்தபின் நாடெங்கும் மனங்கள் இளகின. அவ்வூர்ப் பெரியவர்களும் மக்களும் அரசும் முனைந்து, மறு ஆண்டே அக்கொலையை நிறுத்தினர். கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த் 1990களில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கிட வழிகாட்டினார். ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு. படமே அதன் கைரேகை. புலியைப் பிடிக்காமலும் மயக்காமலும் எண்ண முடிந்தது.

மற்றொன்றும் கூறவேண்டும். முற்காலத்துப் படச்சுருளில் ஒளியுணர் பூச்சைத் தாங்கி நின்றது ஜெலட்டின். அது விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. நம் திருமண ஆல்பங்கள் உட்பட அக்காலப் படங்கள் எல்லாவற்றிலும் அப்பொருள் உண்டு. டிஜிட்டல் கேமராவில் படச்சுருள் இல்லாததால் அக்குற்றம் நீங்கியது. மாறாகப் புதியதொரு குறை புகுந்தது. முப்பத்தாறு படம் என்ற எல்லை போயிற்று. ஒரே நொடியில் பத்து இருபது படம் எடுக்கலாம் என்றாயிற்று. எல்லையில்லாதபோது பரிமிதப் பரிக்கிரக விரதம் எங்கே நிற்கும்? ஒரு காலைப்பொழுதில் ஓர் உயிரிடம் எவ்வளவு நேரம் நிற்பது, எத்தனை படம் எடுப்பது என்று புறப்படும் முன்பே வரையறுத்துக் கொள்வது இல்லறத்தாருக்கு ஏற்ற நோன்பு.

ஐந்து சமிதிகளும் நிழற்படக் கலையும்

முனிவர்கள் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளை நாம் அறிவோம். அவற்றை முழுமையாக ஒழுக நமக்கு ஆற்றல் இல்லை. ஆயினும் கேமராவை ஏந்திக் காட்டுக்கும் ஏரிக்கும் செல்லும் இளைஞர்க்கு அவற்றினும் நல்ல பயிற்சி முறை இருப்பதாகத் தோன்றவில்லை. பேரனுடன் பல மாலைகள் அமர்ந்து பேசி, அவன் கலையையும் நம் மரபையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது கிடைத்தவை இவை.

முதலாவது ஈரியா சமிதி, நடையில் விழிப்பு. முனிவர் நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து நடப்பர். கேமராக்காரரோ தொலைவில் உள்ள பறவையைப் பார்த்துக்கொண்டே காலடி வைக்கிறார். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில், கூழாங்கற்களோடு வேறுபாடு தெரியாத முட்டைகளை இடும். அது தலைக்குமேல் கதறிப் பறக்குமானால், அதன் முட்டைகள் நம் காலருகே உள்ளன என்று கொண்டு வந்த வழியே திரும்பவேண்டும். உயிரினத்தை நோக்கி நேராக நடக்கலாகாது. சாய்வாக, நின்று நின்று செல்லவேண்டும். மேய்ந்த பறவை தலை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அது மறுபடி மேயத் தொடங்காவிடில் பின்வாங்க வேண்டும். தொலைவைக் காலால் குறைப்பதற்கு மாறாக நெடுந்தொலைவு லென்சால் குறைப்பது நன்று. நின்ற நிலையினும், தாழ அமர்ந்து அதன் கண்ணளவில் எடுக்கும் படமே சிறக்கும். தாழ அமர்ந்தவரைக் கண்டு உயிர்கள் அஞ்சுவதும் குறைவு.

இரண்டாவது பாஷா சமிதி, சொல்லில் விழிப்பு. காட்டில் பேசாதிருப்பது எளிது. கைப்பேசியில் பதிந்த பறவைக் குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அக்குரல் அப்பறவைக்கு என்ன பொருள் தருகின்றது? தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்று பொருள். இல்லாத எதிரியைத் தேடி அது கூட்டையும் இரையையும் விட்டு அலைகின்றது. இது பறவையிடம் அதன் மொழியிலேயே கூறும் பொய். வாய்மை விரதம் மனிதரிடம் மட்டும் காக்கவேண்டியது என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. படத்தின் கீழ் எழுதும் குறிப்பும் சொல்லே. பழக்கப்பட்ட விலங்கைக் காட்டு விலங்கு என்று எழுதலாகாது.

மூன்றாவது ஏஷணா சமிதி, உணவில் விழிப்பு. ஆந்தையின் படத்துக்காக உயிருள்ள எலியைக் கட்டிப்போடுவோர் உலகில் உள்ளனர். அப்படம் எலியின் உயிர்விலை. குரங்குக்கு ரொட்டி வீசி எடுக்கும் படமும் ஏற்றதன்று. அக்குரங்கு நாளை மனிதர் கையைப் பறிக்கப் பழகி, அடியும் கல்லும் பெறும். உணவைக் கொண்டுபோவதை விட, உணவு இருக்கும் இடத்தை அறிவதே கலைஞர்க்கு அழகு. பழுத்த ஆலமரத்தின் எதிரே, விடியுமுன் சென்று அசையாது அமர்ந்தால், குயிலும் மைனாவும் குக்குறுவானும் தாமே வரும். பூத்த முருங்கையைத் தேடித் தேன்சிட்டு தானே வரும். காலை இளவெயில் நம் முதுகுப்புறமிருந்து விழுமாறு இடம் தேர்ந்துகொண்டால் போதும்.

நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு. முக்காலியை ஊன்றுமுன் எறும்பு வரிசையும் நத்தையும் உண்டா என்று குனிந்து பார்க்கவேண்டும். கிளையை ஒடித்தலும் கட்டுதலும் ஆகா. ஓரறிவுயிரும் உயிரே, அவ்விலையே ஐயறிவுடைய குஞ்சுக்குக் கூரையும் ஆகும். இலை மறைத்தால் இலையை விலக்காமல் நாம் ஓரடி விலகிப் பார்க்கலாம். லென்சின் துவாரத்தை அகலத் திறந்து, பறவையின் கண்ணில் குவியத்தை நிறுத்தினால், லென்சுக்கு மிக அருகில் உள்ள இலை மெல்லிய பசும்புகைபோல் கரைந்துவிடும் என்று பேரன் செய்து காட்டினான். பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்திலொரு பங்கு வேகம் வைத்தால் இறகு கலங்காது. அதற்காகப் பறவையைக் கல்லெறிந்து கிளப்ப வேண்டியதில்லை. தானே பறக்கும் வரை காத்திருக்கலாம்.

ஐந்தாவது உத்சர்க்க சமிதி, விட்டுவருவதில் விழிப்பு. நெகிழித்தாளும் பழைய மின்கலமும் காட்டில் கிடத்தலாகாது. விட்டுவரும் செய்தியும் அதனுள் அடங்கும். கைப்பேசிப் படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கலாம். கூட்டின் இடம் ஊரெல்லாம் பரவினால் மறுநாள் அங்கே இருபது கேமராக்கள் நிற்கும். முட்டை திருடுவோர்க்கும் வழி தெரியும். கண்டதைச் சொல்லலாம், கண்ட இடத்தைச் சொல்ல வேண்டா.

இவ்வைந்தையும் எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். அகிம்சையின் விதிகளே நல்ல படத்தின் விதிகளாகவும் அமைகின்றன. அஞ்சிய உயிர் முதுகைக் காட்டும். அல்லது விறைத்து நிற்கும். அஞ்சாத உயிரே உண்ணும், கோதும், நீராடும், குஞ்சோடு விளையாடும். படத்தில் நாம் காண விரும்புவதும் அந்த வாழ்க்கையைத்தானே!

அஞ்சாமையைத் தரும் ஊர்கள்

இதற்குச் சான்றாக நம் நாட்டிலேயே ஊர்கள் உள்ளன. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியை அவ்வூர் மக்கள் வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடாதவாறு 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். 2022ஆம் ஆண்டு அவ்வேரி உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. பார்ப்போர் ஏரிக்கரையில் நிற்பர். இடையே நீர் உள்ளது. அவ்விடைவெளிதான் பறவைக்குப் பாதுகாப்பு. கூட்டுக் காட்சியைக் காண விழையும் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகளின் பொருட்டு, அருகிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் நம் சமயத்தவர் அல்லர், நம் அறத்தவர்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானங்களை நாம் ஓதுகின்றோம். முதல் மூன்றையும் நம் குடும்பங்கள் குறைவின்றிச் செய்து வருகின்றன. அபயதானத்தைச் செய்ய வாய்ப்பு எங்கே என்று பலர் எண்ணுவர். ஓர் உயிரின் முன் நின்று, அது அஞ்சாதவாறு நடந்து, அஞ்சாத நிலையிலேயே அதனை விட்டு நீங்குவது அபயதானமே. கேமராவை ஏந்தியவருக்கு அவ்வாய்ப்பு நாள்தோறும் வாய்க்கின்றது.

முனிவர் கையிலுள்ள மயிற்பீலியை நினைவுகூர்வோம். மயிலிடமிருந்து அதைப் பிடுங்குவதில்லை. ஆண்டுதோறும் மயில் தானே உதிர்க்கும் பீலியைப் பொறுக்கிக் கட்டுகின்றனர். அதனைக் கொண்டே சிற்றுயிர்களை நோகாமல் விலக்குகின்றனர். மயிலுக்கு இழப்பில்லை, பிற உயிர்க்குக் காப்பு உண்டு. நிழற்படமும் அவ்வாறு அமைதல் வேண்டும். உயிரின்மீது பட்டுத் தெறிக்கும் ஒளி அது உதிர்க்கும் பீலி. அதைப் பொறுக்கிக்கொள்ளத் தடையில்லை. அவ்வுயிரின் அமைதியைப் பிடுங்கிக்கொள்ளத்தான் நமக்கு உரிமையில்லை.

அந்தப் பழைய படத்தை அழித்துவிடு என்று நாம் சொல்லவில்லை. பேரன் அதைப் போட்டிக்கு அனுப்பவில்லை. அச்சிட்டு, அதன் பின்புறத்தில் நடந்ததை நடந்தவாறே தன் கையால் எழுதி நம்மிடம் தந்தான். நூல் கொடுத்தவர் பெயரையும் எழுதச் சொன்னோம், தயங்கினான், பிறகு எழுதினான்.

இவ்வாண்டும் சித்திரையில் அதே எலுமிச்சையில் கொண்டைக்குருவி கூடு கட்டிற்று. பேரனும் வந்திருந்தான். கொல்லைக் கதவைத் திறக்காமல், சமையலறைச் சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு காலைகள் அமர்ந்திருந்தான். துணி உலர்த்தும் கொடியில் ஒரு கணம் வந்து அமர்ந்த தாய்க்குருவியை, வாயில் வெட்டுக்கிளியுடன், ஒரு படம் எடுத்தான். அதில் கூடு இல்லை, குஞ்சுகள் இல்லை, கூடு எந்தப் பக்கம் என்பதும் பார்ப்பவர்க்குத் தெரியாது. அது எங்கோ விரைந்து செல்லவேண்டிய தாய் என்பது மட்டும் அதன் கண்ணில் தெரிகின்றது. அப்படத்தையே கூடத்தில் மாட்டியுள்ளோம். சில நாள் கழித்து மூன்று குஞ்சுகளும் முருங்கைக் கிளையில் தத்தித் தத்திப் பறக்கப் பழகியதை இருவரும் சன்னல் வழியே பார்த்தோம். அப்போது கேமரா உறையினுள் இருந்தது.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க! வளர்க ஜினஅறம்!